மச்சான் என்கிற அரிய விலங்கு

எங்கள் தீவில் காட்டுக்குள் போக வேண்டுமென்றால் வழிகாட்டி வேண்டும். வெளியூர்க்காரனுக்கும் வேண்டும், அதே காட்டில் தொப்புள்கொடி புதைத்தவனுக்கும் வேண்டும். தீவு இயற்கை வாரியம் வந்த நாளிலிருந்து இதுதான் சட்டம். வாரியம் எங்கள் நன்மைக்காக வந்தது என்று வாரியமே சொன்னது. நாங்களும் நம்பினோம். எனக்கு வேலையும் கொடுத்தார்கள்.

சாப்பாட்டுக் கூடை தூக்குகிற வேலை. படகில் வந்து இறங்கும் வெள்ளைக்காரர்கள் பலகைப் பாதையில் காட்டை ஒரு சுற்று சுற்றி, அருவிப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சோறு, தேங்காய்ப்பாலில் இறால், வாழைப்பழம். அதைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் நான் போவேன். வரிசையின் முதலில் வழிகாட்டி பெலிசியன் போவான். அவன் கடலுக்கு அந்தப் பக்கம், பெரிய கரையில் இருக்கும் டவுனைச் சேர்ந்தவன். கெட்டவன் இல்லை. யூனிபாரம் போட்டால் மட்டும் வேறு மாதிரிப் பேசுவான்.

வழிகாட்டிகளுக்கு வாரியம் நிறைய விதிகள் வைத்திருந்தது. பல்லி படம் போட்ட பலகை வந்தால், அங்கே பல்லி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நின்று பல்லியைப் பற்றிப் பேச வேண்டும். 'தெரியாது' என்ற சொல்லை வேலை நேரத்தில் வாயில் எடுக்கக் கூடாது. அப்புறம் விரல் விஷயம். எங்கள் பக்கம் காட்டையோ கல்லறையையோ விரல் நீட்டிக் காட்ட மாட்டோம், விரலை மடக்கித்தான் காட்டுவோம். வாரியம் இந்த வழக்கத்தை மிகவும் மதித்தது. மதித்து, நுனி வளைந்த கோல் ஒன்றைச் செய்து வழிகாட்டிகளிடம் கொடுத்தது. கோல் இல்லாதவர்கள் எதையும் எப்படியும் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டது.

பெலிசியன் தோளில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி தொங்கும். பொத்தானை அழுத்தினால் பெட்டிக்குள்ளிருந்து லெமூர் என்கிற, குரங்கு மாதிரி விலங்கு கத்தும். காட்டுக்குள் இருக்கும் நிஜ லெமூர், தன் இடத்துக்கு எவனோ வந்துவிட்டான் என்று பதறிப்போய்ப் பதிலுக்குக் கத்தும். வெள்ளைக்காரர்கள் கைதட்டுவார்கள். பிறகு சாப்பிடுவார்கள்.

இனி நான் சொல்லப்போவது புரிய, எங்கள் கூவலைப் பற்றித் தெரிய வேண்டும். காட்டுக்குள் நாங்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். கூப்பிட்டால் காட்டில் இருக்கிற வேறு எதுவோ அந்தப் பெயரைக் கற்றுக்கொண்டுவிடும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூவல். என் மனைவி கலுஸோவாவின் வீட்டுக் கூவல் நீளமாக எழும்பி, முடிவில் உடைந்து இரண்டாக விழும். அந்த உடைப்புக்கு வால் என்று பெயர். கூவலைக் கேட்டால் எந்த ஆள் என்று தெரியாது, எந்த வீடு என்று தெரியும். வாலை விட்டுவிட்டுக் கூவினால் சாவு, தூக்க ஆள் வா என்று பொருள்.

காட்டில் வழி தவறினவன் கூவ வேண்டும். தன் வீட்டுக் கூவல் பதிலாக வந்துவிட்டால், அதற்கப்புறம் அவன் ஓர் அடிகூட நகரக் கூடாது. உட்கார்ந்து, கூவிக்கொண்டே இருக்க வேண்டும். தேடுகிறவர்கள் சத்தத்தைப் பிடித்து வந்துசேர்வார்கள். இதை மீறி நடந்து செத்தவர்கள் உண்டு. உட்கார்ந்து செத்தவன் என்று எங்கள் தீவில் அதுவரை யாரும் இல்லை.

நான் கல்யாணம் செய்து அந்த வீட்டுக்குப் போனவன். வால் எனக்குச் சரியாக வராது. நடுவில் உடையும், பிறகு ஒரு கொக்கரிப்பு வரும். என் மைத்துனன் பெமேனா இதற்காகவே என்னைக் கூவச் சொல்லுவான். "மச்சான், எங்க, ஒரு தடவ கூவு. ஊரெல்லாம் கோழி முட்ட போட்டுருச்சுன்னு கூடையோட வரட்டும்."

அந்தப் பெமேனா மழைக்காலக் கடைசியில், மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் சொந்தக்காரர் வயலில் நெல் அறுப்பு என்று கிளம்பினான். வெளிக்கடல் பக்கம் அலை அதிகம், படகு போகவில்லை. பழைய பாதையில் மலை ஏறிப் போகிறேன் என்றான்.

"வாரியத்துக்காரன் பார்த்தா?" என்றாள் என் மனைவி.

"பார்த்தா நானும் ஒரு லெமூர்னு சொல்லிக்கிறேன் அக்கா. படம் புடிச்சுக்கட்டும்."

சிரித்துக்கொண்டே போனான். அந்தப் பக்கம் புது நெல்லுச் சோறு தின்றுகொண்டு சௌக்கியமாக இருக்கிறான் என்று நாங்கள் நினைத்தோம்.

அதற்குச் சில நாள் கழித்து நாங்கள் அருவிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, மேகம் மூடின முகட்டிலிருந்து ஒரு கூவல் வந்தது. நீளமாக எழும்பி, உடைந்து, விழுந்தது.

கூட்டத்தில் காதில் ஒலிப்பதிவு மிஷின் மாட்டியிருந்த ஒரு அம்மா கையைத் தூக்கினாள். இது என்ன விலங்கு என்று கேட்டாள்.

பெலிசியனின் முகத்தைப் பார்த்தேன். அவனுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் முடியாது. வளைந்த கோலை முகட்டுப் பக்கம் தூக்கினான். "இது ரொம்ப அபூர்வமான விலங்கு. பேரு இன்னும் முடிவாகல" என்றான்.

கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. அந்த அம்மா தன் மிஷினில் கூவலைப் பிடித்திருந்தாள். பெலிசியன் அதை வாங்கிப் பெட்டியில் ஏற்றி, பொத்தானை அழுத்தினான். பெட்டி கூவியது. அப்புறம் முகட்டிலிருந்து பதில் கூவல் வந்தது, முன்னைவிடப் பலமாக, சந்தோஷமாக.

எல்லோரும் கைதட்டினார்கள். நான் கூடையைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஏப்பா, அது விலங்கு இல்ல. எங்க வீட்டுக் கூவல். என் மச்சான் அங்க இருக்கான்."

"அண்ணே, கூட்டத்துக்கு முன்னாடி வேணாம். கூடையத் தூக்குங்க."

"நான் பதில் கூவிடறேன். ஒரே தடவ."

"வேலை போயிடும்ணே. உங்களுக்கும் போயிடும், எனக்கும் போயிடும்."

நான் என்ன சொல்கிறேன் என்று மிஷின் அம்மா கேட்டாள். பெலிசியன் கொஞ்சம் யோசித்து அவர்கள் மொழியில் ஏதோ சொன்னான். எல்லோரும் என்னைப் பாசமாகப் பார்த்தார்கள். ஒருவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"என்னப்பா சொன்ன?"

"இந்த ஊர் ஜனங்க இந்த விலங்க மச்சானா நெனச்சுக் கும்புடறாங்கன்னு சொன்னேன்."

வீட்டுக்கு ஓடினேன். கலுஸோவா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அலை கொஞ்சம் தணிந்து, அன்று காலையில்தான் அந்தப் பக்கத்திலிருந்து படகில் நண்டு விற்க வந்தவள், பெமேனா அறுப்புக்கு வரவே இல்லையே என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள். நான் கேட்டதைச் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவன் கூவினதுக்கு யாராச்சும் பதில் சொன்னாங்களா?"

"பெட்டி சொல்லுச்சு."

முறத்தைக் கீழே வைத்தாள். "அப்ப அவன் உக்காந்துட்டான்" என்றாள்.

அன்றைக்கே ஊர் ஆண்கள் பழைய பாதை வாசலுக்குப் போனார்கள். துப்பாக்கியோடு வாரியக் காவலர்கள் நின்றார்கள். போன வருஷம் விறகுக்கு உள்ளே போன இரண்டு பேர் இன்னும் பெரிய கரைச் சிறையில்தான் இருக்கிறார்கள். வழிகாட்டி இல்லாமல் விட முடியாது, வழிகாட்டி வேண்டுமென்றால் இயக்குநரைப் பாருங்கள் என்றார்கள். திரும்பி வந்தோம். மேலே இருந்து கூவல் வந்துகொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து பதில் கூவினோம். ஊர் கடலோரம் இருக்கிறது, எப்போதும் அலைச் சத்தம். கேட்டிருக்காது.

இயக்குநர் ரவேலுமானா, முசியே என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டும், பெரிய படிப்புப் படித்தவர். எங்களை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசினார். அதைச் சொல்லியாக வேண்டும்.

"முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. இந்தக் காட்டுல யாரும் தொலைய முடியாது. ஏன்னா வழிகாட்டி இல்லாம யாரும் உள்ள போக முடியாது. வழிகாட்டியோட போறவங்க தொலையறதில்ல. அதனால தொலைஞ்சவர்னு ஒருத்தர் இல்ல."

"ஆனா அவன் உள்ள இருக்கான் முசியே" என்றேன்.

"உள்ள இருந்தா சட்டத்த மீறினவர். அவரப் புடிக்கணும்."

என் மனைவி சட்டென்று நிமிர்ந்தாள். "புடிங்க! ஆளுங்கள அனுப்பிப் புடிங்க. கையில விலங்கு போட்டுக் கூட்டிட்டு வாங்க, நான் தடுக்கல."

இயக்குநர் வருத்தத்தோடு தலையாட்டினார். "இருந்தா புடிப்போம்மா. இல்லாதவர எப்படிப் புடிக்கிறது?"

பிறகு மேஜையிலிருந்து ஒரு பெரிய அட்டையை எடுத்துத் திருப்பினார். புதுப் பலகைக்கு வரைந்த படம். உருண்டைக் கண், வரி வரியாக வால், கையில் ஒரு பழம்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது உங்க தம்பி மாதிரி இருக்கா?"

"இல்ல."

"பாத்தீங்களா? முடிஞ்சுபோச்சு."

நான் கெஞ்சிப் பார்த்தேன். "முசியே, ஆள்கூட அனுப்ப வேணாம். அந்தப் பெட்டிய மட்டும் நிறுத்துங்க. பதில் வர்றதாலதான் அவன் அசையாம உக்காந்திருக்கான். பதில் நின்னுட்டா எந்திரிச்சு நடந்துடுவான்."

இயக்குநர் முதல் தடவையாக நான் சொல்வதைக் கவனித்துக் கேட்டார். பேனாவை எடுத்தார்.

"நிறுத்தினா அது இருக்கிற எடத்த விட்டுப் போயிடும்னு சொல்றீங்க?"

"ஆமாங்க முசியே. போயிடுவான்."

"ரொம்ப உபயோகமான தகவல்" என்று எழுதிக்கொண்டார். "இதுவரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு தடவதான் பெட்டி வச்சோம். இனிமே அடிக்கடி வைக்கணும்."

வெளியே வந்தோம். கலுஸோவா என்னைப் பார்க்கவே இல்லை. பாதி வழியில் நின்று, "உன்ன யாரு அதச் சொல்லச் சொன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. வாரியம் வேகமாக வேலை செய்து அன்றுதான் பார்த்தேன். பலகைப் பாதையிலிருந்து முகடு வரை கயிறு கட்டி, அமைதிப் பகுதி என்று அறிவித்தார்கள். காவலர்கள்கூடக் கயிற்றைத் தாண்டக் கூடாது. புதுப் பலகை நட்டார்கள். படகுகள் அதிகமாக வந்தன. பெலிசியன் இப்போது தடுமாறாமல் பேசினான். "இது ஒரே எடத்துல உக்காந்து கூப்புடும். துணைக்காகக் காத்திருக்கு. ரொம்பப் பொறுமையான பிராணி."

அடுத்து இன்னொரு உத்தரவு வந்தது. அந்த விலங்கின் குரலை மனிதர்கள் போலிசெய்வது குற்றம். அதாவது என் மனைவி தன் வீட்டுக் கூவலைக் கூவக் கூடாது. ஊருக்குள் வந்து தமுக்கடித்துச் சொன்னார்கள். எங்கள் தெருவில் நின்று இரண்டு தடவை சொன்னார்கள். கூவலைப் பெலிசியனின் பெட்டி மட்டும் கூவலாம்.

நாளுக்கு நாள் மேலே இருந்து வருகிற கூவல் மெலிந்துகொண்டே வந்தது. மழை விடவில்லை. பெமேனாவுக்குக் காய்ச்சல் உடம்பு, ஒரு நாள் நனைந்தாலே படுத்துவிடுவான். முதலில் எழும்புகிற பாகம் குறைந்தது, பிறகு வால் தேய்ந்தது. பெலிசியன் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தான். "கூச்சம் வந்துடுச்சு. பக்கத்துல துணை இருக்கிற அறிகுறி."

ஒரு நாள் கூட்டம் முன்னால் போனதும் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"உனக்குத் தெரியும்ல? நெஜமாச் சொல்லு. தெரியும்ல?"

அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். யூனிபாரம் போடாதவன் மாதிரிப் பேசினான். "அண்ணே, மொத நாளே தெரியும். இப்ப போய் அது ஆளுன்னு சொன்னா, இத்தன நாளா என்ன பண்ணேன்னு கேப்பாங்க. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

பிறகு பெட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் போய்விட்டான்.

தலைநகரத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் அந்த விலங்கைக் கேட்க வருவதாகச் செய்தி வந்தது. காவலர்கள் எல்லோரையும் படகுத் துறைக்கு வரவழைத்து, வரிசையாக நிற்கவைத்து, கையில் பூ கொடுத்தார்கள். கயிற்றுப் பக்கம் யாரும் இல்லை. என் மனைவி விடியும்போதே இரண்டு துணியும், ஒரு போத்தலில் அடிப்பிடித்த சோற்றில் கொதிக்கவைத்த தண்ணீரும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"நானும் வரேன்" என்றேன்.

"நீ கூடையத் தூக்கு. நீ இல்லேன்னா தேடுவாங்க. நான் கூவினா மட்டும் வா."

"எப்படிக் கூவுவே?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில், இதைக் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

அதிகாரி குடையின்கீழ் வந்தார். இயக்குநர் பக்கத்தில் நடந்தார். பல்லிப் பலகையில் நின்றார்கள். பச்சோந்திப் பலகையில் நின்றார்கள். இயக்குநர் சின்னதாக ஒரு பேச்சுப் பேசினார். "முன்னெல்லாம் இந்த ஜனங்க காட்டுக்குள்ள கூவிக்கிட்டுத் திரிவாங்க. எது மனுஷன், எது விலங்குன்னே தெரியாது. இப்ப மனுஷங்க வாய மூடிட்டாங்க. அதனாலதான் இந்தக் குரல் நமக்குக் கேக்குது."

புதுப் பலகைக்கு வந்தோம். இயக்குநர் சைகை காட்டினார். பெலிசியன் பொத்தானை அழுத்தினான். பெட்டி கூவியது.

பதில் இல்லை.

மறுபடி அழுத்தினான். மழை இலைகளிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இயக்குநரின் கழுத்து வேர்த்தது. மூன்றாவது முறை பெட்டி கூவி ஓய்ந்தபோது, முகட்டிலிருந்து குரல் வந்தது. நீளமாக எழும்பியது. எழும்பி, உயரத்திலேயே அறுந்து நின்றது. வால் இல்லை.

"அடடா!" என்றார் அதிகாரி.

"இது பெண்" என்றார் இயக்குநர், மூச்சு விட்டபடி. "ஜோடி சேந்துடுச்சு!"

எல்லோரும் கைதட்டினார்கள். பெலிசியன் மட்டும் தட்டவில்லை.

நான் கூடையைக் கீழே வைத்தேன். இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, உடம்பில் இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி, கேட்டேன் வருகிறேன் என்று பதில் கூவினேன். வழக்கம்போல நடுவில் உடைந்து கொக்கரித்தது. கூட்டம் திரும்பிப் பார்த்தது, ஒருவர் ஒலிப்பதிவு மிஷினை என் பக்கம் நீட்டினார். "கூடைக்காரரப் புடிங்க" என்று இயக்குநர் சொன்னார். பிடிக்க வேண்டிய காவலர்கள் துறையில் பூவோடு நின்றார்கள். கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஏறினேன்.

எவ்வளவு தூரம் என்று நினைத்திருந்தேன்! மூச்சு வாங்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன். ஒரு பாறைக்குக் கீழே கலுஸோவா உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் அவன் தலை. துணி போர்த்தியிருந்தாள். தண்ணீர்ப் போத்தல் திறக்காமலே பக்கத்தில் இருந்தது. அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் மண் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. சுற்றி எங்கும் ஒரு காலடிகூட இல்லை.

நான் துணியை விலக்கி அவன் கால்களைப் பார்த்தேன். இரண்டும் நன்றாக இருந்தன. அடி இல்லை, வீக்கம் இல்லை. பாறையைச் சுற்றிப் பத்து எட்டு வைத்திருந்தால், கீழே பலகைப் பாதை தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது. குடைகள் தெரிந்தன.

"நம்ம ரெண்டு பேரால தூக்க முடியாது" என்றாள் மனைவி. "ஊருக்குக் கேக்கற மாதிரிக் கூவு. ரெண்டு பேருமாக் கூவுவோம்."

எழுந்து நின்று இருவரும் கூவினோம். வால் இல்லாமல், திரும்பத் திரும்ப. தொண்டை கிழிந்தது. அப்புறம் நிறுத்திக் காது கொடுத்தோம்.

தூரத்திலிருந்து பதில் வந்தது.

கலுஸோவாவின் முகத்தில் அன்று முதன்முதலாகக் கண்ணீர் இறங்கியது. தம்பியின் தலையைத் திரும்ப மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "நம்ம வீட்டுக் கூவல்தான். கேட்டுட்டாங்க, ஆள் வர்றாங்க. உக்காரு. இனிமே அசையக் கூடாது" என்றாள்.

மறுபடி பதில் வந்தது, இன்னும் பலமாக. நீளமாக எழும்பி, நடுவில் உடைந்து, ஒரு கொக்கரிப்போடு விழுந்தது.

"இங்க பாரு" என்றேன். "அது நான்தான்."

கீழே கைதட்டுகிற சத்தம் கேட்டது.